கொழுப்பு ஏறிவிட்டதா? முதலில் தாளை வாசியுங்கள்

அப்பாவின் இரத்தப் பரிசோதனைத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு மாதம் செருகியே கிடந்தது. 'கொழுப்பு ஏறிடுச்சாம்' என்பதோடு சரி. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். உடம்பில் ஒரு வலியும் காட்டாது என்பதால் யாரும் பதறுவதில்லை.

படி 1: தாள்

நம் நாட்டில் எண்கள் மில்லிமோல் கணக்கில் வரும். தமிழ்நாட்டு வீடியோக்களில் சொல்லும் 200, 130 எல்லாம் மில்லிகிராம் கணக்கு. ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். மொத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) 5.2-க்குக் கீழே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். பொதுவாக 3.0-க்குக் கீழே. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு 2.6 அல்லது அதற்கும் கீழே, மாரடைப்பு வந்தவர்களுக்கு 1.4 அல்லது அதற்கும் கீழே. உங்கள் இலக்கு எது என்று டாக்டரிடம் கேட்டு, தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

படி 2: அடுப்படி

எல்.டி.எல்லை ஏற்றுவதில் பெரிய பங்கு நிறைவுற்ற கொழுப்புக்கு. தேங்காய்ப்பாலின் கொழுப்பில் பெரும்பகுதி அதுதான். செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி. செம்பனையை நம்பிப் பிழைக்கும் ஊரில் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எந்த எண்ணெயானாலும் போத்தலைச் சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலில் வேகும் சோறான நாசி லெமாக்கை, தினசரி என்றில்லாமல் வாரம் ஒரு நாளாக்குங்கள். மற்ற நாள்களில் ஓட்ஸ். குழம்பு கெட்டியாக, தேங்காய்ப்பாலுக்குப் பதில் கடைந்த பருப்பு போதும்.

ஆட்டுக்கறி ஆசையா? முதல் நாள் இரவே வேகவைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்திருக்கும். கரண்டி நுனியால் நெம்பினால் தட்டையாகப் பெயர்ந்து வரும். அம்மா முதல் தடவை எடுத்தபோது அரைக் கிண்ணம் சேர்ந்தது. அப்பா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

படி 3: நடை

வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். புகைப்பவர்கள் அதையும் விட வேண்டும்.

படி 4: மாத்திரை

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், தயாரிக்கிறது. அதனால் பத்தியம் இருந்தும் சிலருக்கு இறங்காது. ஸ்டாட்டின் மாத்திரை அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. கல்லீரல் இரவில்தான் அதிகம் தயாரிக்கும். சிம்வாஸ்டாட்டினை இரவில் போடச் சொல்வது அதனால்தான். அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் எந்த நேரமும் சரி, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும்.

காரணமில்லாமல் தசை வலித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பம் என்றால், அல்லது குழந்தைக்குத் திட்டமிட்டால், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். கிரேப்ஃப்ரூட் சிம்வாஸ்டாட்டின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். தம்பூன் பம்ளிமாசும் அதே குடும்பம், மருந்து கொடுப்பவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. எண் இறங்கியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பாவுக்கு எல்.டி.எல் 4.9-லிருந்து 2.8 ஆனது. 'குணமாயிடுச்சு' என்று நிறுத்தினார். அடுத்த பரிசோதனையில் 4.6. இறக்கி வைத்திருந்ததே அந்த மாத்திரைதான். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், மருந்தும் அதிலேயே அடக்கம். தீர ஒரு வாரம் இருக்கும்போதே போய் வாங்கிவிடுங்கள்.

இப்போது மாத்திரை அட்டை, அப்பா பல் துலக்கும் பிரஷ் நிற்கும் டம்ளருக்குள்ளேயே இருக்கிறது. இரவு பிரஷை எடுக்கும்போது அதுவும் கையோடு வரும்.