ஈசிஜி நார்மல் என்றால் வீட்டுக்குப் போகலாமா?

நெஞ்சைப் பிசைகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடி ஈசிஜி எடுத்தாயிற்று. "நார்மல்" என்ற சொல் காதில் விழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். இதய நோய் விஷயத்தில் நடக்கிற தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அந்தத் தாளில் பதிவாகியிருப்பது சுமார் 10 விநாடித் துடிப்பு, அவ்வளவுதான். மாரடைப்பு தொடங்கிய புதிதில் கோடுகள் ஒழுங்காகவே இருக்கக்கூடும். அதனால்தான் வலி நீடித்தால் திரும்பத் திரும்ப ஈசிஜி எடுக்கிறார்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இதயத் தசை சேதமாகும்போது ரத்தத்தில் கசிகிற புரதம் அது. கண்ணில் படும் அளவுக்கு ஏற நேரம் பிடிக்கும். வலி வந்த அரை மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தை மட்டும் நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. "இன்னும் எத்தனை தடவை குத்துவீர்கள்?" என்று நர்ஸிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாவது எண் முதலாவதைவிட ஏறியிருக்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் எப்படி இருக்கின்றன என்பதை அது காட்டும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் அடைப்பை நேராகக் காட்டாது. பெரிய அடைப்பு இருந்தும் படுத்திருக்கும்போது எக்கோ நன்றாக வரலாம்.

அப்புறம், நாம் சொல்கிற விதம். "லேசா கேஸ் டாக்டர்" என்று நோயைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் வழக்கம். அதை விட்டுவிட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவியதா, வியர்த்ததா என்று சொன்னால் போதும். குழாய் முழுக்க அடைத்த மாரடைப்பில், ஆஸ்பத்திரி வாசலை மிதித்த 90 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைப் பலூனால் திறக்கும் சிகிச்சை) செய்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. வீட்டில் சோடா குடித்துக் காத்திருந்த நேரம் அந்தக் கணக்கில் வராது, ஆனால் இதயத் தசைக்கு அதுவும் நஷ்டம்தான். சுகர் உள்ளவர்கள், வயதானவர்கள், பெண்கள் இவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம்.

வெட்கப்பட்டு மறைக்கிற ஒன்றும் உண்டு: ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் சில்டெனாஃபில் மாத்திரை. அதைப் போட்டவருக்கு நெஞ்சுவலிக்காக நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டாவது சொல்லிவிடுங்கள்.

ஸ்டென்ட் (குழாய் மீண்டும் அடைக்காமல் தாங்கிப்பிடிக்கும் வலைக்குழல்) வைத்த பிறகு நடக்கும் தவறு வேறு மாதிரி. பல் பிடுங்க வேண்டும் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெல்லையும் தாங்களாகவே நிறுத்துவார்கள். புது ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு மாரடைப்பு. இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. "கொலஸ்ட்ரால் சரியாகிவிட்டது, மாத்திரையை விட்டுவிட்டேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். சரியானதே அந்த மாத்திரையால்தானே!

கால்களை யாரும் கவனிப்பதில்லை. கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை வயசுக் கோளாறு என்று தள்ளாதீர்கள். கால் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்று கணிப்பார்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடலாம்.

பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு படம் எடுத்து போனில் வைத்திருந்தால், நள்ளிரவில் எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டர் இன்றைய கோட்டை அதோடு ஒப்பிட்டு, எது புதுசு என்று சொல்லிவிடுவார்.