ஒரு காரின் அழகை எடைபோடுவது எப்படி?

எந்தக் கார் அழகு, எந்தக் கார் அவலட்சணம் என்று ஆர்வலர்கள் விவாதிக்கத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் கிரில்லையும் ஹெட்லைட்டையும் சுற்றியே நிற்கிறது. முகம் அடுத்த ஃபேஸ்லிஃப்டிலேயே, அதாவது அதே மாடலுக்கு இடையில் செய்யும் தோற்றப் புதுப்பிப்பிலேயே, மாறிவிடக்கூடியது. உடலின் அளவுப் பொருத்தமோ, அடியிலிருந்து புதிதாக வடிவமைத்த அடுத்த தலைமுறை மாடல் வரும்வரை மாறுவதில்லை. ஆகவே முதலில் பக்கவாட்டில், முழு வண்டியும் ஒரே பார்வையில் அடங்கும் தொலைவுக்குத் தள்ளி நின்று, ஹெட்லைட் உயரத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள்.

சக்கரத்திலிருந்து தொடங்குவது நல்லது. உயரமான கதவுகளுக்குக் கீழே சிறிய சக்கரம் இருந்தால், எத்தனை குரோம் பூசினாலும் வண்டி கனத்தே தெரியும். அடுத்து, முன்கண்ணாடியைத் தாங்கும் தூணின் சாய்வை மனத்துக்குள் கீழ்நோக்கி நீட்டுங்கள். அந்தக் கோடு முன்சக்கரத்துக்கு எவ்வளவு பின்னால் விழுகிறதோ, அவ்வளவுக்குப் பானெட் நீண்டு தெரியும். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் ஈ-டைப் இன்றும் கொண்டாடப்படுவதற்கு இதுவே முதற்காரணம் என்பேன். விமானத் துறையிலிருந்து வந்த மால்கம் சேயர் வரைந்த அந்த உடலில் நீண்ட பானெட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்தை ஒட்டிக் கேபின் அமர்ந்திருக்கிறது.

பின்பகுதியைப் பார்க்க நம் நாட்டுச் சிறிய செடான்களே (தனி டிக்கி கொண்ட கார்கள்) சிறந்த பாடம். 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்டது. ஸ்விஃப்ட் காருக்கு டிக்கி சேர்த்து 2008-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மி.மீ.; அந்த வரிச் சலுகைக்குள் வர 2012-இல் அது 3,995 மி.மீ. ஆகச் சுருங்கியது. முன்பாதி ஸ்விஃப்டாகவே இருக்க, குறைத்த நீளம் முழுவதும் டிக்கியிலிருந்து போனதால், பின்சக்கரத்தைத் தாண்டியதும் வண்டி வெட்டுப்பட்டதுபோல நின்றது. அதே 3,995 மி.மீ. நீளத்தில் 2017-இல் வந்த டிசையரின் கூரை தாழ்ந்து, டிக்கியோடு இழைந்து இறங்குவதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை நீளத்தில் இல்லை என்பது விளங்கும்.

அவலட்சணம் என்று தீர்ப்புச் சொல்லும் முன் காரணத்தையும் தேட வேண்டும். 1998-இல் வந்த ஃபியட் மல்டிப்லா, முன்கண்ணாடிக்குக் கீழே இன்னொரு விளக்கு வரிசையோடு பலரின் கேலிக்கு ஆளானது. ஆனால் 4 மீட்டருக்குள் மூன்று மூன்றாக ஆறு பேரை உட்கார வைத்த அகலம் அது; அதன் வடிவம் அந்த வேலையிலிருந்து பிறந்தது. அமெரிக்க எஸ்யூவியான போன்டியாக் அஸ்டெக்கை அப்படி மன்னிக்க என்னால் முடியவில்லை. 1999-இல் மாதிரி வடிவமாகக் காட்டப்பட்டதை மினிவேனின் அடித்தளத்தில் ஏற்றியபோது உயரமும் ஒடுக்கமும் அதன் தோற்றத்தைக் கெடுத்துவிட்டன.

இவ்வளவும் ஆன பிறகே அருகில் செல்லுங்கள். கதவுகளின் மீது விழும் வெளிச்சக் கோடு முன்விளக்கிலிருந்து பின்விளக்குவரை அலையாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். வாங்கும் எண்ணமிருந்தால், விளம்பரத்தில் வரும் பெரிய அலாய் வீல் பொருத்திய உயர் வேரியன்ட்டை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கவிருக்கும் வேரியன்ட்டையே (அதே மாடலின் விலை, வசதி வேறுபட்ட வகை) அதன் சொந்தச் சக்கரங்களோடு காட்டச் சொல்லுங்கள்.