சட்டையில் லோகோ: முதலில் துணியைப் பாருங்கள்

லோகோவைத் திறந்து பார்ப்பதற்கு முன் சட்டையின் கழுத்து லேபிளைப் படியுங்கள். பருத்தியா, பாலியஸ்டரா, இரண்டும் கலந்ததா என்று தெரிந்தாலே லோகோ போடும் முறைகளில் பாதி கழன்றுகொள்ளும். அடுத்து உருப்படி எத்தனை, நிறம் எத்தனை என்று பார்க்கலாம். லோகோவை வைத்தே முறையை முடிவு செய்தால் முதல் சலவையிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வெள்ளை அல்லது வெளிர் நிற பாலியஸ்டர் என்றால் சப்ளிமேஷன்: தாளில் அச்சடித்த சாயத்தைத் துணிமேல் வைத்துச் சூட்டோடு அழுத்தும் முறை. 190 முதல் 200 டிகிரி சூட்டில் 45–60 விநாடி அழுத்தும்போது சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே போய்விடும். தடவிப் பார்த்தால் அச்சு இருப்பதே தெரியாது, உரியாது, வெடிக்காது. ஆனால் இதில் வெள்ளை மை கிடையாது, அதனால் அடர்நிறத் துணியில் எடுபடாது. பருத்தி இந்தச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. துவைக்கத் துவைக்க வெளுத்துவிடும்.

பருத்தி, நிறைய உருப்படி, இரண்டு மூன்று நிறம் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கை மிஞ்ச எதுவும் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மையை இறக்கும் வலைச்சட்டம், வேண்டும். கறுப்புச் சட்டையில் மூன்று நிறம் போட்டால், மற்ற நிறங்கள் மங்காமல் இருக்க அடியில் வெள்ளை போட வேண்டும். ஆக நான்கு ஸ்கிரீன். பத்துச் சட்டைக்கும் ஐந்நூறுக்கும் இந்த முன்வேலை ஒன்றுதான். சின்ன ஆர்டருக்கு அது கட்டுப்படியாகாது.

இந்த முறையில் பெரும்பாலான புகார்கள் வருவது சூட்டால்தான். இதில் பரவலாகப் போடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை காற்றில் காயாது. வழக்கமான வகை என்றால் மேலிருந்து அடிவரை சுமார் 160 டிகிரி சூடு ஏற வேண்டும். சூடு போதாவிட்டால் மேலே தொட்டால் கையில் ஒட்டாது, ஆனால் அடியில் பச்சையாகவே இருக்கும். லேசர் தெர்மாமீட்டரும் மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் அதை முழுக்க நம்ப வேண்டாம். சட்டை ஆறியபின் அச்சை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். மை துணியோடு சேர்ந்து நீண்டு திரும்பினால் வெந்திருக்கிறது. குறுக்கே வெடிப்பு விட்டால் இன்னும் வேகவில்லை.

பாலியஸ்டரில் இதற்கு நேர்மாறான சிக்கல். சூடு கூடினால் துணியின் சாயமே கிளம்பி மையில் ஏறிவிடும். சிவப்பு ஜெர்ஸியில் போட்ட வெள்ளை எழுத்து அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும். சில நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் இளஞ்சிவப்பாகி இருக்கும். குறைந்த சூட்டில் வேகும், சாயத்தைத் தடுக்கும் மையைக் கேட்டு வாங்குங்கள். சூடு ஆறாத சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

உருப்படி குறைவு, நிறம் அதிகம் என்றால் டிடிஎஃப் (DTF): ஃபிலிமில் அச்சடித்து, அதைச் சூட்டில் துணிமேல் ஒட்டும் முறை. பருத்தி, பாலியஸ்டர், கலப்பு எல்லாவற்றிலும் ஒட்டும். முதலில் வெறும் சட்டையை ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள். இதை விட்டால் ஓரம் தூக்கும். பிறகு ஃபிலிமை வைத்து 150 டிகிரி அளவில் 10–15 விநாடி அழுத்துங்கள். சூட்டோடு உரிப்பதா, ஆறவிட்டு உரிப்பதா என்பது ஃபிலிமைப் பொறுத்தது. அதை விற்றவரிடமே கேளுங்கள். உரித்தபின் பட்டர் பேப்பர் வைத்து இன்னொரு முறை சில விநாடி அழுத்தினால் சலவைக்கு நன்றாகத் தாங்கும். மார்பு முழுக்க ஒரே பாளமாக ஒட்டினால் வியர்வை வெளியேறாது, பிளாஸ்டிக் கட்டியது போல இருக்கும். அப்படிப்பட்ட டிசைனில் இடைவெளி விட்டுத் துணி தெரியும்படி மாற்றச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பருத்தியில் ஒரே ஒரு புகைப்படம் என்றால், பிரிண்டரே நேராகத் துணியில் அச்சடிக்கும் டிடிஜி (DTG) மென்மையாக இருக்கும். பெயரும் எண்ணும் மட்டும் என்றால், வெட்டிச் சூட்டில் ஒட்டும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாள் போதும். வெட்டும்போது கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள்.

போலோ சட்டை, தொப்பி, தடித்த ஜாக்கெட் ஆகியவற்றுக்கு எம்ப்ராய்டரிதான் அழகு. ஆனால் நூலுக்கும் பருமன் உண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த எழுத்தில் உட்குழிகள் அடைந்துபோகும். அவ்வளவு சிறியது கட்டாயம் வேண்டுமென்றால் மெல்லிய 60 எண் நூலும் 65/9 ஊசியும் போடச் சொல்லுங்கள். ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் லோகோவைத் தையலுக்கு ஏற்றபடி தனித்தனி நிறமாக்கிக்கொள்வது நல்லது. பின்னல் துணிக்கு அடியில் தையலைத் தாங்கும் பேக்கிங் (backing) தாளில் வெட்டியெடுக்கும் வகையைத்தான் வைக்க வேண்டும். கிழித்தெடுக்கும் வகையை வைத்தால் துவைத்தபின் லோகோவைச் சுற்றிச் சுருக்கம் விழும். போலோவின் பிக்கே துணியில் குழிகள் இருப்பதால் தையல் உள்ளே அமுங்கும். மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஒன்றை வைத்துத் தைத்தால் எழுத்து எழும்பி நிற்கும். மெல்லிய டி-ஷர்ட்டில் பெரிய லோகோவைத் தைக்காதீர்கள், அட்டை போல விறைக்கும். மழைக்கோட்டிலும் வேண்டாம்: ஊசித் துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் கசியும்.

எந்த முறையானாலும் அதே துணியில் இரண்டு மாதிரி போடுங்கள். ஒரு நாள் விட்டு, ஒன்றை மட்டும் உட்புறம் வெளியே திருப்பி ஐந்து முறை துவைத்து, துவைக்காததன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துவைக்காததன் ஓரத்தில் சூடு, விநாடி, அழுத்தம் மூன்றையும் பேனாவால் எழுதி வையுங்கள். அடுத்த ஆர்டருக்கு அந்தச் சட்டையே அளவுகோல்.