குல்மார்கில் பனிச்சறுக்கா? முதலில் காற்றைப் பாருங்கள்

முதல் தடவை காஷ்மீரின் குல்மார்க் போனபோது போனில் 'வெயில், மைனஸ் 2' என்று காட்டியது. நம்பி, காலை எட்டரைக்கே கேபிள் கார் கியூவில் நின்றேன். தலைக்கு மேல் பளிச்சென்று நீல வானம். உச்சியில் மட்டும் வெள்ளைப் புகை மாதிரி ஒரு கோடு. மேகம் என்று நினைத்தேன். காற்று வாரி இறைத்த பனி அது. அன்று முழுக்க உச்சிக்குப் போகும் இரண்டாம் கட்ட கேபிள் கார் ஓடவில்லை.

1. எந்த உயரம் என்று பாருங்கள்

ஊர் இருப்பது சுமார் 2,650 மீட்டரில். கேபிள் காரின் இரண்டாம் கட்டம் உங்களை இறக்கிவிடும் அஃபர்வத் மலை கிட்டத்தட்ட 3,950 மீட்டர். போன் சொல்வது ஊரின் கதை. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மைனஸ் 2 என்றால் மேலே மைனஸ் 10. கூடவே 40 கிலோமீட்டர் வேகக் காற்றும் அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 21.

2. பனி எவ்வளவு?

காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் 'மேற்கத்திய இடையூறு' என்ற வானிலை அமைப்பு. வானிலை அறிக்கையில் இந்தச் சொல் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். மில்லிமீட்டரில் போட்டிருந்தால், 1 மில்லிமீட்டர் தண்ணீருக்கு சுமார் 1 சென்டிமீட்டர் பனி. கடுங்குளிரில் இன்னும் பஞ்சாக, கூடுதலாக விழும். ஆனால் டிசம்பர் 21-ல் தொடங்கும் 40 நாள் 'சில்லை கலான்' குளிரிலேயே டிக்கெட் போட்டால் பனி நிச்சயம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகக் கிடந்தது.

3. காற்று

இதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். விண்டி (Windy) என்ற வானிலைச் செயலியில் காற்றைத் திறந்து, உயரத்தை 'தரைமட்டம்' என்பதிலிருந்து 600-க்கு மாற்றுங்கள். அது 600 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டம். ஏறக்குறைய 4,200 மீட்டர், அதாவது உச்சிக்குச் சற்று மேலே. வேகத்தின் அலகு 'நாட்' (knot) என்றிருந்தால், 1.85-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். அங்கே 40 கிலோமீட்டரைத் தாண்டினால் நான் உச்சி ஆசையை விட்டுவிடுவேன். இது என் சொந்தக் கணக்கு, விதி அல்ல.

திசையில் குழப்பம் வேண்டாம். தென்றல் தெற்கிலிருந்து வருவதுபோல, 'மேற்குக் காற்று' என்றால் மேற்கிலிருந்து வருவது. அது முகட்டைத் தாண்டி, பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டும். மெத்தை போலத் தெரியும் அந்தப் பனி ஒரே பலகையாகப் பெயர்ந்து வரக்கூடியது.

4. பனிச்சரிவு எச்சரிக்கை

புதுப்பனியும் பலத்த காற்றும் அடுத்தடுத்து வந்தால் இதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். குல்மார்க் இருப்பது பாரமுல்லா மாவட்டம். எச்சரிக்கையில் அந்தப் பெயரைத் தேடுங்கள். 2023 பிப்ரவரி 1-ல் அஃபர்வத் சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் பனியில் புதைந்து இறந்தார்கள்.

5. காலையில்

எல்லாம் பார்த்தாயிற்று என்றாலும், படுக்கையை விட்டு எழுந்ததும் ஜன்னல் வழியாக உச்சியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் புகை தெரிந்தால் இரண்டாம் கட்டத்துக்கு டிக்கெட் எடுக்க அவசரப்பட வேண்டாம். காஷ்மீர் தேநீரான கஹ்வா ஒன்று குடித்துவிட்டு, ஊருக்குள் இருக்கும் சின்னச் சரிவில் விழுந்து எழப் போங்கள்.