கொழும்பு ஒடிட் பேர்ம்ல இன்டர்வியூவா? மட்டக்களப்பு, அம்பாறை ஆக்களுக்கு

ட்ரெய்னிக்கு இன்டர்வியூ வந்திருக்கு, என்ன செய்யிறெண்டு இந்த மாசம் மட்டும் நாலு பேர் கேட்டுட்டாங்க, வொய்ஸ் போட்டுப் போட்டு தொண்ட காஞ்சு போச்சு, அதால எழுதியே விடுறன். ஒடிட் பேர்ம் எண்டா கம்பனிகள்ட கணக்கச் சரிபார்க்கிற இடம், உலகத்துல பெரிய நாலு டெலோய்ட், பீடபிள்யூசி, ஈவை, கேபிஎம்ஜி. நான் பெரிய பேர்ம் ரெண்டுக்குப் போனன், ஒண்டுல விழுந்தன், மற்றதுல எடுபட்டன். எது எதெண்டு கேக்காதீங்க.

முதல் சீவி. வந்தாறுமூலை கெம்பஸோ ஒலுவில் கெம்பஸோ, எங்க படிச்சிருந்தாலும் பரவால்ல, ஆனா அஞ்சு நிமிசம் கதைக்க ஏலாத ஒண்டையும் போடாதீங்க. நான் "எக்செல் அட்வான்ஸ்ட்" எண்டு போட்டுட்டுப் போனன், இன்டர்வியூ எடுத்த மெடம் லெப்டொப்ப என்ட பக்கம் திருப்பி பிவட் டேபிள் ஒண்டு போடுங்க எண்டா, எனக்கு வேர்த்து ஊத்திட்டு. விழுந்தது அங்கதான்.

இரவு பஸ்ல போய் விடிய இறங்கி நேரா இன்டர்வியூக்குப் போற வேல வேணாம். கல்முனையில ஏறினா பஸ்ஸுக்குள்ள படுக்கவும் ஏலாது, சேர்ட்டும் கசங்கிரும். முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டுலயோ கூட்டாளிட போர்டிங்லயோ நில்லுங்க.

சிஏக்கு, அதாவது பட்டயக் கணக்காளர் ஆகிறதுக்கு, 3 வருச ட்ரெய்னிங் வேணும், அதால நீங்க இடையில ஓடிருவீங்களா எண்டுதான் அவங்களுக்குப் பயம். "கவர்மென்ட் ஜொப் கிடைச்சா போயிருவீங்களா?" எண்டு சிரிச்சிக்கிட்டே கேப்பாங்க. எங்கட வீடுகள்ல உம்மாமார், அம்மாமார் அதைத்தான் நேந்துகிட்டு இருக்கிற, அது அவங்களுக்கும் தெரியும். சும்மா "இல்ல சேர்" எண்டா நம்பமாட்டாங்க. அடுத்த சோதின எப்ப எழுதுறீங்க, கொழும்புல எங்க தங்கப் போறீங்க எண்டு சொல்லுங்க.

மறுகா பாடம். பேங்க் ரிகன்சிலியேசன் (பேங்க் கணக்கையும் எங்கட புத்தகத்தையும் ஒப்பிடுறது), தேய்மானம், அக்ரூவல் (வருச முடிவுல இன்னும் கட்டாமக் கிடக்கிற செலவு), சம்பளத்துல ஈபிஎஃப் எண்ட சேமலாப நிதிக்கு வேலை செய்றவர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஈடிஎஃப் எண்ட நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம், இதுகள் நித்திரையில கேட்டாலும் வரணும். கணக்கீட்டு ஸ்டாண்டர்ட் நம்பர் எல்லாத்தையும் பாடமாக்காதீங்க, ஸ்டொக்குக்கான இலங்கை ஸ்டாண்டர்ட் எல்கேஏஎஸ் 2 வடிவா விளங்கியிருந்தா ஸ்டொக் கேள்வியில பாதிய சமாளிக்கலாம்.

நான் எடுபட்ட இடத்துல பார்ட்னர் கேட்டது ஒரே ஒரு பெரிய கேள்வி. "அம்பாறையில ஒரு அரிசி மில், வருச முடிவு மார்ச் 31, நெல்லு ஸ்டொக்க எப்படிச் செக் பண்ணுவீங்க?" நான் புத்தகத்துல இருந்தத விட்டுட்டு மாமாட மில்லக் கண்ணுக்குள்ள கொண்டு வந்தன். பெரும்போக அறுவட முடிஞ்ச கையோட வாற நாள் அது, மில் நிறைஞ்சு கிடக்கும். நீளம், அகலம், உயரம் பார்த்து மூடையப் பெருக்கினா மட்டும் காணாது, மூடைகள அடுக்கி வச்சிருக்கிற அட்டியில ஏறிப் பார்க்கணும், நடுவுல வெறுமையா விட்டு அடுக்கியிருப்பாங்க எண்டன். ரெண்டு மூண்ட அவிழ்த்து ஈரமா, பதரா எண்டு பார்த்து நிறுக்கணும். மறுகா வெள்ளாமக்காரர் பிறகு விக்கலாமெண்டு போட்டு வச்சிருக்கிற நெல்லும் அதுக்குள்ள கிடக்கும், அது மில்காரர்ர ஸ்டொக் இல்ல. இதச் சொல்லக்க அவர் பேனைய வச்சிட்டு நிமிர்ந்து பார்த்தார். விலைய மட்டும் மறந்துட்டன், அவர்தான் எடுத்துத் தந்தார், அறுவடையோட விலை விழுந்தா வாங்கின விலையில வச்சிருக்கலாமா எண்டு. வித்தா கையில வாற காசு குறைவெண்டா அதுக்குத்தான் இறக்கணும்.

என்ட இங்கிலீஸ் அப்ப பெரிசா இல்ல. ஒரு இடத்துல "அட்டி"க்கு இங்கிலீஸ் சொல் வரல்ல, கையால அடுக்கிக் காட்டினன், அவர் சிரிச்சார். திக்கினா நிண்டு யோசிச்சுச் சொல்லுங்க, கடகடெண்டு பிழையாக் கதைக்கிறதுதான் எடுபடாது.

கடைசியில ஏதும் கேக்கணுமா எண்டா இல்லையெண்டு எழும்பி வராதீங்க. சோதினைக்கு லீவு எத்தின நாள், அவுட்ஸ்டேசன் ஒடிட்டுக்கு அனுப்புவீங்களா எண்டு கேளுங்க. அலவன்ஸ் எவ்வளவெண்டும் வெக்கப்படாமக் கேளுங்க, போர்டிங் வாடக கட்டப்போறது நீங்கதானே.