கணவர் உங்கள் போனைக் கண்காணிக்கிறாரா? எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு

இந்தப் பதிவை உங்கள் சொந்த போனில் படிக்கிறீர்கள் என்றால் இப்போதே மூடிவிடுங்கள். அம்மாவின் போனிலோ அலுவலகக் கம்ப்யூட்டரிலோ திறந்து மீதியைப் படியுங்கள். இன்காக்னிட்டோ போதாது. அது பிரவுசர் ஹிஸ்டரியை மட்டும்தான் மறைக்கும். போனுக்குள் உளவுச் செயலி இருந்தால் உங்கள் திரையில் தெரிவது அந்தப் பக்கமும் தெரியலாம்.

என் சித்தி மகளுக்காகத்தான் இதையெல்லாம் தேடிக் கற்றுக்கொண்டேன். தி.நகரில் அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் "அங்கே யாரைப் பார்க்கப் போற?" என்று மெசேஜ் வந்துவிடும். அடி, காயம் எதுவும் இல்லாததால் சொந்தக்காரர்கள் அதை அக்கறை என்றார்கள். அது அக்கறை இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் காயத்தோடு நின்றுவிடவில்லை. சொல்லாலும் மனரீதியாகவும் பணத்தை வைத்தும் செய்யும் கொடுமைகளையும் வன்முறை என்றே சொல்கிறது.

படி 1: எதையும் அழிக்காதீர்கள்

சந்தேகம் வந்ததும் எல்லா பாஸ்வேர்டையும் மாற்றத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். வழக்கமாகக் கிடைத்த தகவல் சட்டென்று நின்றால் அவருக்கு உடனே புரிந்துவிடும். கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று தெரியும் அந்த நேரம்தான் பெண்ணுக்கு மிக ஆபத்தான நேரம். எங்கே போவது, யார் கூட வருவார்கள், குழந்தையின் சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் முடிவான பிறகு போனில் கை வையுங்கள்.

அதற்கு முன்னால் ஆதாரம் சேருங்கள். மிரட்டல் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை விட இன்னொரு போனால் திரையைப் படம் பிடிப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட் கூகுள் போட்டோஸுக்குத் தானாக ஏறியிருந்தால் அதை அவரும் பார்க்கலாம். தேதி, நேரம், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, அதை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மூல மெசேஜை அழிக்க வேண்டாம். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது, 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவுப்படி அதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். மூலம் கையில் இருந்தால் வக்கீலின் வேலை எளிதாகும்.

படி 2: அவர் கை படாத ஒரு போன்

ரிச்சி தெருவிலோ உங்கள் ஏரியா கடையிலோ இருப்பதிலேயே மலிவான புது போன் ஒன்று வாங்குங்கள். பழைய போனை ரீசெட் செய்வதை விட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ரீசெட் செய்த போனில் பழைய ஜிமெயிலைப் போட்டு பேக்கப்பை இறக்கினால் பழைய பிரச்சினையும் சேர்ந்து இறங்கும். சிம் உங்கள் ஆதாரில், உங்கள் பெயரில் இருக்கட்டும். ஜிமெயில் புதிது. வீட்டு வைஃபையில் இணைக்க வேண்டாம். பூட்டுக்கு ஆறு இலக்க பின் எண் போடுங்கள், கைரேகை வேண்டாம். தூங்கும்போது விரலை எடுத்து வைத்துத் திறந்துவிடலாம்.

படி 3: கூகுள் கணக்கு

எங்களை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். போனில் உளவுச் செயலி எதுவும் இல்லை. பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று. அப்படியும் அவள் போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரிந்தது.

காரணம் இரண்டு. ஒன்று, பையனின் ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்த பழைய டேப். அதில் அவளுடைய ஜிமெயில் அப்படியே திறந்து கிடந்தது. இரண்டாவது, கல்யாணமான புதிதில் போனைச் செட் செய்து கொடுத்தவர் அவர்தான், அதனால் ரெக்கவரி நம்பரும் அவருடையது. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' அழுத்தினால் ஓடிபி அவருக்குத்தான் போகும். பூட்டை மாற்றிவிட்டு மாற்றுச் சாவியை அவரிடமே விட்டுவைப்பது போலத்தான்.

அதனால் வரிசை முக்கியம். கூகுள் கணக்கில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் முதலில் ரெக்கவரி நம்பரையும் ரெக்கவரி மெயிலையும் மாற்றுங்கள். அப்புறம் பாஸ்வேர்டு. அப்புறம் 'யுவர் டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, உங்கள் கையில் இல்லாத ஒவ்வொரு கருவியையும் சைன் அவுட் செய்யுங்கள். கடைசியாக இரட்டைச் சரிபார்ப்பு. அதற்கு எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம், போனுக்குள்ளேயே குறியீட்டைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி போடுங்கள். அந்தச் செயலி கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. கணக்கில் மாற்றம் செய்தால் பழைய ரெக்கவரி மெயிலுக்கு எச்சரிக்கை போகலாம். ரெக்கவரி நம்பரை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய நம்பருக்குச் சரிபார்ப்புக் குறியீடு அனுப்ப கூகுள் இடம் தரலாம். எனவே வெளியேறும் திட்டம், வக்கீல், வங்கி சம்பந்தப்பட்ட எதையும் பழைய ஜிமெயிலில் வைக்காதீர்கள், புதியதில் மட்டும் வையுங்கள். பழையதை அவர் பார்க்கும்படி வழக்கம்போல ஓடவிடுவதும் ஒரு பாதுகாப்புதான்.

கூகுள் மேப்ஸில் 'லொகேஷன் ஷேரிங்', போட்டோஸில் 'பார்ட்னர் ஷேரிங்' இரண்டையும் பாருங்கள். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்ஸ்' பகுதிகளையும் பார்க்க வேண்டும். செயலியில் அவை தெரியாது.

படி 4: வாட்ஸ்அப்

'லிங்க்டு டிவைசஸ்' திறந்து பாருங்கள். நான்கு கருவி வரை இணைக்கலாம், உங்கள் போன் அணைந்திருந்தாலும் அவை ஓடும். தெரியாத கருவி இருந்தால் முதலில் படம் எடுத்து வையுங்கள், வெளியேற்றுவது திட்டப்படி.

படி 5: சிம், வங்கி, ஆதார்

*#21# அடித்தால் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று தெரியும். ##002# எல்லாத் திருப்பலையும் ரத்து செய்யும். உங்கள் சம்பளக் கணக்கின் எஸ்எம்எஸ் யார் எண்ணுக்குப் போகிறது, ஆதாரில் யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆதாரில் உள்ள மொபைல் எண்ணை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போகலாம்.

படி 6: உளவுச் செயலி

ஆண்ட்ராய்டில் 'அக்ஸசிபிலிட்டி', 'டிவைஸ் அட்மின்' பட்டியல்களில் பெயர் தெரியாத செயலிக்கு அனுமதி இருக்கிறதா? தீங்கான செயலிகளைக் கண்டுபிடிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்டை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்களா? அப்படியானால் அந்த போனில் ரகசியம் எதுவும் பேசாதீர்கள். 'ஆன்டி ஸ்பை' என்று விளம்பரம் வரும் செயலிகளை நான் நம்புவதில்லை. அவையும் அதே அனுமதிகளைத்தான் கேட்கின்றன.

யாரிடம் போவது?

181 பெண்கள் உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. இணையக் குற்றப் புகாருக்கு 1930. தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-இல் நம் ஆயிரம் விளக்கில்தான் தொடங்கியது. இன்று நகரத்தின் பல பகுதிகளிலும் மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. அங்கே "புருஷன் பொண்டாட்டி விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொன்னால், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பது பின்தொடர்தல் குற்றம், முதல் முறையே 3 ஆண்டு வரை சிறை.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். 18-ஆம் பிரிவு உத்தரவு, போன் வழியாகவோ மின்னணு வழியாகவோ அவர் தொடர்புகொள்வதையும் தடுக்கும். மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைத்துக் கேளுங்கள். சென்னையில் பல ஆண்டுகளாக இதற்காகவே வேலை செய்யும் பி.சி.வி.சி. அமைப்பும் இருக்கிறது.

சேர்க்கை: ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கும் ஒரு வாசகி, கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், ஹால் கேமரா அவர் போனில் ஓடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பல வீட்டுக் கேமராக்களில் மைக்கும் உண்டு. ஹாலில் நின்று அம்மாவிடம் பேசாதீர்கள், மொட்டை மாடிக்குப் போங்கள். பிளக்கைப் பிடுங்கினால் செயலியில் அவருக்குத் தெரிந்துவிடும்.

சேர்க்கை 2: ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, ஐஓஎஸ் 16 முதல் 'சேஃப்டி செக்' இருக்கிறது. யாருக்கு என்னென்ன பகிர்ந்திருக்கிறீர்கள் என்று ஒரே இடத்தில் காட்டும். பையிலும் ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் ஏர்டேக் (இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி) இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

சேர்க்கை 3: "புது போன் வாங்க வழியே இல்லை, சிம்மும் அவர் பெயரில்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த சிம்மிலிருந்து 181-ஐ அழைக்க வேண்டாம். கால் லாக்கில் அழித்தாலும், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் பில்லிலோ நெட்வொர்க் செயலியிலோ அழைப்பு விவரம் கிடைக்கலாம். பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்தோ குழந்தையின் பள்ளி அலுவலக போனிலிருந்தோ அழையுங்கள். திரும்ப அழைக்க வேண்டாம், நானே கூப்பிடுகிறேன் என்று எடுத்தவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.