எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைக்குள் நுழைவதற்கு முன்

வலிமையான காந்தத்தைக் கொண்டு உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனை எடுக்கும்படி மருத்துவர் எழுதிக்கொடுத்ததும் பலரும் விசாரிப்பது கட்டணத்தையும் தேதியையும்தான். ஆனால், பரிசோதனை ஆபத்தின்றி முடிவதும் படம் தெளிவாக வருவதும், உள்ளே போகுமுன் நோயாளி எதைச் சொல்கிறார், எதைக் கழற்றி வைக்கிறார் என்பதையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

தேதி வாங்கும்போதே, உடலுக்குள் பொருத்தப்பட்டுள்ள பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எலும்பு பிளேட், மூளை இரத்தக்குழாய் கிளிப், காது கேளாதோருக்கு உள்காதில் பொருத்தும் காக்ளியர் கருவி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இவற்றுள் பலவற்றோடு ஸ்கேன் எடுக்கலாம். சிலவற்றோடு எடுக்கவே கூடாது. அதைக் கருவியின் மாடலைப் பார்த்தே முடிவு செய்வார்கள் என்பதால், அதைப் பொருத்தியபோது தந்த அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துச் செல்ல வேண்டும். வெல்டிங் அல்லது லேத் வேலையில் எப்போதாவது கண்ணில் இரும்புத் துகள் பட்டிருந்தால், அது எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்ததாயினும் மறைக்காதீர்கள். உள்ளே தங்கிய துகள் காந்தப்புலத்தில் நகர்ந்து பார்வையையே கெடுத்துவிடக்கூடும். கர்ப்பமாக இருப்பவர்களும், அப்படி இருக்கலாம் என்று ஐயப்படுபவர்களும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) இயந்திரத்தின் காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமையுடையது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும், மின்சாரம் போனாலும்கூட அந்தக் காந்தம் அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் உள்ளே சென்றபோது இயந்திரத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். ஆகவே, துணைக்கு வருபவருக்கும் இதே விதிகள்தாம். செல்போன், சாவி, ஏ.டி.எம். கார்டு, காது கேட்கும் கருவி, கழற்றக்கூடிய பல்செட், மெட்டி, வளையல், அரைஞாணில் கோத்த தாயத்து அனைத்தையும் வெளியே வைத்துவிடுங்கள். தாலிச்சங்கிலியில் மாட்டியிருக்கும் ஊக்குகளைத்தான் பெண்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். தங்கத்தைக் காட்டிலும் இரும்பு ஊக்குதான் அங்கே ஆபத்தானது. கழற்ற முடியாத மூக்குத்தி இருந்தால் டெக்னீஷியனிடம் காட்டிக் கேளுங்கள்.

படம் தெளிவாகத் தெரிவதற்காகப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவை என்றால், சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்பதை அறிய கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்கலாம். முன்பு இத்தகைய ஊசிக்குத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பது மையத்துக்கு மையம் மாறும். சர்க்கரை நோயாளிகள் மாத்திரை, இன்சுலின் நேரத்தையும் சேர்த்தே கேட்டுக்கொள்வது நல்லது.

உள்ளே பெரும்பாலும் 20 முதல் 45 நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இயந்திரம் தடதடவென்று ஒலிக்கும் என்பதால் காதடைப்பான் தருவார்கள். கையில் ஒரு அழைப்பு மணியும் இருக்கும். அடைபட்ட இடம் என்றால் பயம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், மயக்க மருந்துக்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்ய முடியும். சி.டி., எக்ஸ்ரே போலன்றி இதில் கதிர்வீச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால், அவற்றை மறக்காமல் அன்றைக்கே கொடுங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதை ரேடியாலஜிஸ்ட் ஒப்பிட்டுத்தான் எழுத முடியும். அறிக்கை தயாரான பிறகு படத்தை நீட்டினால், இன்னொரு நாள் அலைய நேரிடும்.